38 ரூபா வாடகை

அம்மம்மா இறந்த பிறகு கொட்டாஞ்சேனை வீட்டு அலுமாரியைத் துப்புரவாக்கும்போது ஒரு பிஸ்கட் தகரம் நிறையப் பற்றுச்சீட்டுகள் கிடைத்தன. எல்லாமே வாடகைப் பற்றுச்சீட்டுகள். மாதம் 38 ரூபா. ஆனால் வீட்டுக்கார அம்மா கொடுத்தது என்று அதில் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் மாநகர சபையின் முத்திரை.

"ஏன் அங்க கொண்டுபோய்க் கட்டினவ?" எண்டு அம்மாவிடம் கேட்டேன்.

"வீட்டுக்காரி வாங்கமாட்டா. வாங்காமல் விட்டால் நிலுவை எண்டு வழக்குப் போடலாம்தானே. அதுக்குத்தான் சபையில கட்டுறது."

இப்படி ஒரு வழி சட்டத்திலேயே இருந்தது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் அது. அதற்கும் ஒரு பாட்டி உண்டு: இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், விலைவாசியோடு வாடகையும் ஏறியபோது கொண்டுவரப்பட்ட 1942ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம். போர் முடிந்தும் கட்டுப்பாடு முடியவில்லை. 1948இல் புதிய சட்டமாகத் தொடர்ந்தது. 1970இல் வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் வீடமைப்பு அமைச்சராக இருந்தவர் கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன். அவர் காலத்தில் அது இன்னும் இறுகியது. அடுத்த வருடமே வீட்டு உடைமைக்கான உச்சவரம்புச் சட்டமும் வந்தது. பிள்ளைகள் இல்லாத ஒருவர் இரண்டு வீடுகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. மிச்சம் அரசாங்கத்துக்கு.

சட்டம் வேலை செய்த விதம் எளிமையானது. சந்தையில் என்ன வாடகை போகிறது என்று அது பார்க்கவில்லை. ஏதோ ஒரு பழைய ஆண்டில் உள்ளூராட்சி சபை வீட்டுக்குப் போட்ட மதிப்பீட்டைப் பிடித்து, வாடகையை அதில் கட்டிவைத்தது. வாடகைக்காரர் இறந்தால் கூட வாழ்ந்த மனைவியோ பிள்ளையோ அதே வாடகையில் தொடரலாம். அம்மப்பா 1964இல் எடுத்த வீட்டில், அவர் 1981இல் போன பிறகும் அம்மம்மா 33 வருடம் இருந்தது இப்படித்தான்.

இந்தச் சட்டம் முதியவர்களுக்காக எழுதப்பட்டது இல்லை. ஆனால் கட்டிவைத்த வாடகையின் பெறுமதி ஒவ்வொரு வருடமும் கூடும். 1964இல் 38 ரூபா ஒரு வாடகை. 2014இல் அதற்கு ஒரு றாத்தல் பாண்கூட வாங்க முடியாது. ஆகக்கூடிய நன்மை யாருக்கு? ஆகக்கூடிய காலம் ஒரே வீட்டில் இருந்தவருக்கு. அதாவது, அங்கேயே கிழவியானவருக்கு. ஓய்வூதியம் இல்லாத, வங்கியில் காசு இல்லாத ஒரு விதவை கொழும்பு 13இல் கடைசிவரை வாழ முடிந்தது இதனால்தான். முதியோருக்கான வீட்டுத் திட்டம் என்று பெயர் வைக்காமலேயே நாடு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது.

அதற்கான செலவை யார் கொடுத்தார்கள் என்பதுதான் சிக்கலான பகுதி. அரசாங்கம் ஒரு சதமும் கொடுக்கவில்லை. வீட்டுக்கார அம்மாதான் கொடுத்தார். அவரும் விதவை. புருஷன் விட்டுப்போன ஒரே சொத்து அந்த வீடு. மகனின் வீட்டில் ஒரு அறையில் இருந்தார். எங்கள் வீட்டில் அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இப்போது யோசித்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஓடு மாற்றக் காசு இல்லை, மாற்றினாலும் வாடகை கூடாது, பிறகு ஏன் மாற்றுவார்? மழைக்கு வாளி வைத்த கதைகள் எல்லாம் அதன் விளைவு. புதிதாக வாடகைக்கு வீடு கட்டுகிறவர்களும் குறைந்தார்கள். கைக்குக் கீழே 'கீ மணி' வாங்குகிற பழக்கம் வளர்ந்தது.

1983ஐயும் சொல்ல வேண்டும். நியாயமான காரணமில்லாமல் தொடர்ந்து ஆறு மாதம் குடியிருக்காவிட்டால் வீட்டுக்காரர் வழக்குப் போடலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. யூலைக் கலவரத்துக்குப் பிறகு கப்பலில் யாழ்ப்பாணம் போனவர்களுக்கு அதைவிட நியாயமான காரணம் என்ன வேண்டும்? ஆனால் எரிந்த பற்றுச்சீட்டோடு யார் நீதிமன்றம் போவது? அம்மம்மா மூன்றாம் மாதமே திரும்பி வந்துவிட்டார். துணிச்சல் என்று நினைத்திருந்தேன். வாடகையும் ஒரு காரணம் என்று அம்மா சொல்கிறார்.

1977க்குப் பிறகு காற்று மாறியது. 1980ஆம் ஆண்டுத் திருத்தம், அந்த வருடத் தொடக்கத்தில் உரிமையாளரே குடியிருந்து பிறகு வாடகைக்கு விட்ட வீடுகளைக் கட்டுப்பாட்டிலிருந்து எடுத்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் தளர்த்தியது. ஒரேயடியாக ஒருவரையும் தெருவில் விடவில்லை. பழைய வாடகைக்காரர்கள் பலர் பழையபடியே இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவராக இறக்க, சட்டமும் அவர்களோடு சேர்ந்து இறந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் இது பெரிய செய்தியாகவில்லை என்று நினைக்கிறேன்.

இதற்கிடையில் வீட்டைவிட நிலம் பெறுமதியாகிவிட்டது. அம்மம்மா வீட்டின் சுவரும் ஓடும் ஒன்றுக்கும் உதவாது. அதன் கீழே இருந்த எட்டுப் பேர்ச்சைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அந்த விலையை ஏற்றியது வீட்டுக்காரரும் இல்லை, அம்மம்மாவும் இல்லை. சுற்றி வளர்ந்த நகரம். அம்மா அங்கே குடியிருக்காததால் அம்மம்மாவோடு வாடகை உரிமையும் முடிந்தது. இப்போது அதில் அடுக்குமாடி நிற்கிறது.

பழைய ஏற்பாடு போன இடத்தில் என்ன வந்தது? 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைக் கைவிடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறது. அந்தப் பிள்ளையும் வாடகை வீட்டில் இருந்தால்? எழுபது கடந்த வறியவர்களுக்கான கொடுப்பனவு 2010களின் இறுதியிலும் மாதம் 2,000 ரூபாதான். வெள்ளவத்தையில் ஒரு அறைக்கு ஒரு கிழமைக்குக்கூடக் காணாது. 2023இன் முதலாவது சட்டமோ, குத்தகைக்குக் கொடுத்த இடத்தை உரிமையாளர் விரைவாக மீளப்பெறுவதற்கானது.

அம்மாவுக்கு இப்போது 63. ஒவ்வொரு வருடமும் புது ஒப்பந்தம், ஆறு மாத அட்வான்ஸ். போன மாதம் வீடு பார்க்கப் போன இடத்தில் புரோக்கர் கேட்ட முதல் கேள்வி, "வயசான ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" நான் பதில் சொல்ல முதல் அம்மா முந்திக்கொண்டா: "இல்ல, நாங்கள் ரெண்டு பேரும்தான்."