தேவாலயத் தரையில் ஓட்டைகள்

ஹவாயின் மொலோக்காய் தீவு. தொழுநோயாளிகளை 1866 முதல் அரசு இங்கேதான் கொண்டுவந்து விட்டது. கை மடங்கி, கால் விரல் போனவர்கள். அங்கே கலாவாவோவில் உள்ள புனித பிலோமினா ஆலயத்தின் பலகைத் தரையில் சதுர ஓட்டைகள் இருக்கின்றன.

எதுக்கு? நோய் முற்றியவர்களுக்கு எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். பூசை நடுவில் துப்ப வெட்கப்பட்டு வெளியிலேயே நின்றுவிடுவார்களாம். 1873-ல் வந்த பெல்ஜியப் பாதிரியார் தமியான் தரையை அறுத்துவிட்டார். இலையைச் சுருட்டிப் புனல் மாதிரி ஓட்டையில் வைத்துத் துப்பலாம். உள்ளேயே இருக்கலாம்.

இதற்கு 700 வருஷம் முன்னால், 1179-ல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம் தொழுநோயாளிகளுக்குத் தனிக் கோயில், தனிக் கல்லறை, தனிக் குரு வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தது. கருணைதான். ஆனா எங்க பக்கம் வராதேங்கிற கருணை.

தமியான் எதிர்க்கோடிக்குப் போனார். நோயாளிகளோடு ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டார், புகைக்குழாயைக்கூடப் பகிர்ந்தார். நோய் தொற்றி 1889-ல் இறந்தார். அசட்டுத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு மனசு வரலை. ஹான்சன் நார்வேயில் கிருமியைக் கண்டதே அந்த 1873-ல்தான்.

1888-ல் மரியான் கோப் என்ற கன்னியாஸ்திரீ துணைக்கு வந்தார். கை கழுவுவதில் மட்டும் அவர் ரொம்பக் கறார். புண்ணைத் துடைத்தார், கட்டுப் போட்டார், 1918-ல் சாகிறவரை நோயாளிகளோடேயே இருந்தார். அவருக்கோ அவரோடு வந்த சகோதரிகளுக்கோ அந்த நோய் வரவேயில்லை.