சாயவேர்: யாழ்ப்பாணத்து மணலில் மறைந்த செந்நிறம்

ஒரு நாட்டின் பழமையை ஆராயப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாணயத்தையும் முதற்கண் நாடுவர். அது முறையே. ஆயினும் மன்னரும் படையும் கோயிலும் கோட்டையும் மட்டும் வரலாறு ஆகா. மாந்தர் உண்டதும் உடுத்ததும், உடுத்த துணிக்கு நிறமூட்டியதும் வரலாற்றின் பாற்பட்டனவே. எமது வடபுலத்துக் கடற்கரை மணலில் தானே முளைத்துக் கிடக்கும் ஒரு சிறு பூண்டின் வேர், ஏறத்தாழ இரு நூற்றாண்டுக் காலம் அரசுகளின் கணக்கேடுகளில் இடம்பெற்றிருந்தது. இன்று அதன் பெயரைக் கேட்டறிந்தோரும் எம்மிடையே அரியர். அவ்வேரின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூண்டும் அதன் இயல்பும்

சாயவேர் எனப்படுவது மருத்துவ நூல்களில் இம்பூறல் என வழங்கும் பூண்டின் வேராகும். தாவரவியலார் இதனை ஒல்தென்லாந்தியா அம்பெலாத்தா என்பர். நிலத்தோடு ஒட்டிப் படர்வது. ஒடுங்கிய இலையும் மிகச் சிறிய வெண்பூவும் உடையது. இலங்கையின் வடபகுதியிலும், சோழமண்டலக் கரை நெடுகிலும் வறண்ட மணற்பாங்கான நிலத்தில் இது செழிக்கும். மன்னார்த் தீவும் யாழ்ப்பாணக் குடாநாடும் இதற்குப் பேர்பெற்ற இடங்களாயிருந்தன. பயிரிட்ட பூண்டின் வேர் நீளமானது; தானே முளைத்ததன் வேர் குறுகியது. எனினும் குறுகிய வேரே கூடுதலான சாயத்தைக் கொடுக்கும் எனச் சாயத்தொழிலாளர் மதித்தனர். வளமற்ற மணலில் நீருக்காகப் போராடி வளர்ந்த வேருக்கே நிறம் மிகுதி என்பது சிந்திக்கத்தக்கது.

நிறம் வேரின் பட்டையிலே தங்கியுள்ளது. அதன் பொருள் அலிசறின் என்பதாம். ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து பெறப்பட்ட செந்நிறத்துக்கும் இதுவே அடிப்படை. பூகோளத்தின் இரு வேறு பகுதிகளில் வாழ்ந்த மாந்தர், ஒருவரையொருவர் அறியாது, வேறு வேறு பூண்டுகளிலிருந்து ஒரே பொருளைக் கண்டெடுத்தனர் என்பது வியப்புக்குரியது.

சாயமிடும் முறை

மஞ்சளை அரைத்து நீரிற் கரைத்துத் துணியைத் தோய்த்தால் நிறம் உடனே பற்றும். வெயில் பட்டால் விரைவில் வெளிறும். சாயவேரோ அத்தன்மையதன்று. துணி அதனை எளிதில் ஏற்பதில்லை. ஏற்றபின் எளிதில் விடுவதுமில்லை. ஆகவே துணியை முன்னரே பக்குவப்படுத்தல் வேண்டும். முதலில் துணியை நன்கு வெளுத்து, கடுக்காய்த் தூள் கலந்த எருமைப்பாலில் ஊறவைத்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு, பின்னர் இடப்படும் படிகாரத்தைத் துணியிற் பிணிக்கும். பாலின் கொழுப்பு, தூரிகையால் எழுதும் நீர் பரவாது காக்கும். அடுத்துப் படிகார நீரை இடுவர். அதன் பின்னரே வேர்த்தூள் இட்ட நீரில் துணியை அமிழ்த்திச் சிறிது சிறிதாகச் சூடேற்றுவர். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். படாத இடத்தில் ஏறிய மங்கல் நிறம், துணியைச் சாணநீரில் தோய்த்து வெயிலிற் பரப்ப நீங்கிவிடும். படிகாரத்துக்குப் பதிலாக இரும்புத்துண்டுகளைப் புளிப்பேறிய நீரில் ஊறவைத்துப் பெற்ற நீரை இட்டால் கடுக்காயோடு கூடிக் கருநிறம் தோன்றும். நீலத்துக்கு அவுரியும், அந்நீலம் ஏறக்கூடாத இடத்தை மறைக்க மெழுகும் பயன்பட்டன. இங்ஙனம் ஒரே துணியிற் பல நிறங்கள் அமைந்தன.

இம்முறையை ஐரோப்பியர் பேரார்வத்தோடு ஆராய்ந்தனர். 1742ஆம் ஆண்டில் கேர்தூ என்னும் பிரெஞ்சு யேசுசபைக் குரவர், தொழிலாளரிடம் கேட்டறிந்தவற்றைக் கடிதமாக எழுதித் தம் நாட்டுக்கு விடுத்தார். வில்லியம் றொக்ஸ்பேர்க் என்பார் 1795இல் வெளிவரத் தொடங்கிய தமது சோழமண்டலத் தாவர நூலில் இப்பூண்டின் படத்தையும் விளக்கத்தையும் சேர்த்தார். சாயத்தின் சிறப்பு வேரை மட்டுமன்றி நீரையும் பொறுத்தது எனத் தொழிலாளர் நம்பினர் என்பது அக்காலக் குறிப்புகளாற் புலனாகின்றது. எல்லாக் கிணற்று நீரும் அவர்க்கு உதவவில்லை. இந்நம்பிக்கை வெறும் மூடக்கொள்கை அன்று. அலிசறின், படிகாரத்திலுள்ள அலுமினியத்தோடு கல்சியமும் சேரும்போதே நிறைந்த செந்நிறத்தைத் தரும் என இரசாயன நூலார் பின்னர் கண்டனர். சுண்ணாம்புக் கற்பாறையிற் சுரக்கும் எமது யாழ்ப்பாணக் கிணற்று நீரிற் கல்சியத்துக்குக் குறைவில்லை. கேத்தலின் அடியிற் படியும் வெண்மையை நாளும் நொந்துகொள்ளும் நாம், அதே நீர் ஒருகாலத்துச் சாயத்தொழிலுக்குத் துணையாயிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அரசின் கையில் வேர்

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். வணிகத்துக்காக வந்த கும்பனியார் ஆதலின், நிலத்திலும் கடலிலும் விலைபோகும் பொருள் யாதென்பதையே முதலில் நோக்கினர். யானை, முத்து, சங்கு ஆகியவற்றோடு சாயவேரும் அவர்தம் கணக்கில் ஏறியது. பதவி நீங்கும் அதிகாரி, தமக்குப் பின் வருவோர்க்கு அறிவுரையாக நினைவுக் குறிப்பு எழுதிவைத்தல் அவர் வழக்கம். 1697இல் சுவார்தெகுரோன் என்னும் கொமாந்தோர் யாழ்ப்பாணம் பற்றி எழுதிவைத்த நினைவுக்குறிப்பு இவ்வகையில் எமக்குக் கிடைத்துள்ள சிறந்த சான்றுகளுள் ஒன்று.

ஒல்லாந்தர் ஆட்சியின் ஒரு கூறு ஊழியம் என்பது. குறித்த சில வகுப்பார் அரசுக்குக் கட்டாய வேலை செய்தல் வேண்டும். சாயவேர் குத்துதலும் இவ்வாறு ஒரு வகுப்பார் தலைமேல் வைக்கப்பட்ட கடமையாயிற்று. பிறப்பால் ஒருவன் வேர் குத்துவோன். அவன் மகனும் வேர் குத்துவோனே.

1795இல் யாழ்ப்பாணமும் மன்னாரும் ஆங்கிலேயர் வசமாயின. கொடி மாறியது, வேர் குத்துவோரின் நிலை உடனே மாறவில்லை. 1807இல் வெளிவந்த கோடினர் பாதிரியாரின் இலங்கை பற்றிய நூலும், 1817இல் வெளிவந்த பேட்டலாச்சியின் நூலும் சாயவேரைக் குறிப்பிடுகின்றன. வேரெடுக்கும் உரிமையை அரசு குத்தகைக்கு விட்டது. எடுத்த வேரின் ஒரு பகுதி கடல் கடந்து மறுகரைச் சாயத்தொழிலாளரிடம் சென்றது. பாக்கு நீரிணையின் இரு கரைகளையும் இணைத்த பொருள்களில் இவ்வேரும் ஒன்று என்க.

ஒரு மாணவனின் வினா

சில ஆண்டுகளுக்கு முன்னர் மேல்வகுப்பு மாணவர் சிலரோடு கடலோர மணல்வெளி ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கு வாழ்ந்த முதியவர் ஒருவர் இம்பூறலை உடனே காட்டித் தந்தார். இருமலுக்கு அவித்துக் குடிப்பது என்பதே அவர் அறிந்த பயன். அதில் நிறம் உண்டென்பதை அவர் கேள்வியுற்றதில்லை. முற்பகல் முழுவதும் நாம் அறுவர் கிண்டிச் சேர்த்த வேர், உலர்த்திய பின்னர் இரு கைப்பிடியும் தேறவில்லை. பள்ளி ஆய்வுகூடத்தில் அதை இடித்து, இரு பருத்தித் துண்டுகளைச் சாயமிட்டோம். வெறுமனே தோய்த்த துண்டு மங்கிய மண்ணிறம் கொண்டது. கழுவ அதுவும் போயிற்று. கடுக்காயும் படிகாரமும் இட்ட துண்டோ மெல்லச் சிவந்தது. சவர்க்காரமிட்டுக் கழுவியபோது நிறம் மங்காது, மேலும் துலங்கியது. மாணவர் ஆரவாரித்தனர்.

அப்போது ஒருவன் மட்டும் கைக்குட்டையளவான அத்துண்டையும், தன் விரல்களிற் கண்டிருந்த கொப்புளங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஒரு கப்பல் துணிக்கு வேர் கிண்டினவர்கள் எத்தனை பேர், சேர்?” என வினவினான். என்னால் விடை கூற இயலவில்லை. யான் கற்ற நூல்களில் வேரின் பெயர் உண்டு, குத்தகை உண்டு, ஆளுநர் பெயரும் உண்டு. குத்தியவனின் பெயர் ஓரிடத்தும் கண்டிலேன். அவ்வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

மறைந்தது எங்ஙனம்?

சாயவேர் ஏன் மறைந்தது என்று கேட்டால், கற்றோர் பலரும் செயற்கைச் சாயத்தைச் சுட்டுவர். 1868இல் கிறேபே, லீபர்மான் என்னும் ஜேர்மனிய அறிஞர் இருவர் நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருளைக்கொண்டு அலிசறினை ஆக்கினர். 1869இல் அதற்கு ஆக்கவுரிமையும் பெறப்பட்டது. சில ஆண்டுகளுள் அது மலிவான விலையில் உலகெங்கும் பரவ, ஐரோப்பாவின் மஞ்சிட்டித் தோட்டங்கள் அழிந்தன. சோழமண்டலத்துச் சாயவேருக்கும் அதுவே முடிவு கட்டியது. இது மறுக்கவொண்ணா உண்மை.

ஆயின் இது முழு உண்மை ஆகுமா? ஆண்டுகளை வரிசைப்படுத்தி நோக்குதல் நன்று. கிளாஸ்கோ நகரில் மஞ்சிட்டிச் செந்நிறமிடும் தொழிற்சாலை 1785ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயந்திரத்தால் நெய்த துணியும், சிவப்பேற்றிய நூலும் கீழைநாட்டுச் சந்தைகளை வந்தடைந்தன. ஒல்லாந்தக் கும்பனி 1799ஆம் ஆண்டின் இறுதியோடு மறைந்தது; அதனோடு பழைய வாணிக வழிகளும் மாறின. கைத்தறி தளர, அதற்கு நிறமூட்டிய தொழிலும் தளர்ந்தது. எனவே தார்ச்சாயம் வருவதற்கு முன்னரே இத்தொழிலின் அடித்தளம் ஆட்டங்கண்டிருந்தது எனக் கொள்ளல் பொருந்தும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதுவே எம்மவர் பெரிதும் எண்ணாதது. கட்டாய அரச ஊழியமாகிய இராசகாரியம் 1832இல் இலங்கையில் ஒழிக்கப்பட்டது. பிறப்பின் பேரால் ஒரு தொழிலிற் பூட்டப்பட்டவன், பூட்டு அவிழ்ந்தபின் அத்தொழிலை விரும்பி நாடுவானா? வெயிலிலும் மணலிலும் குனிந்து, விரலளவு வேருக்காக நிலத்தைக் குத்திய உழைப்புக்கு அவன் பெற்றது மதிப்பன்று, இழிவே. அத்தொழிலை அவன் கைவிட்டிருப்பின் அதை ஒரு கலையின் அழிவு என்று மட்டும் புலம்புதல் நேர்மையாகாது. ஒருபுறம் நோக்க அது இழப்பு. மறுபுறம் நோக்க அது விடுதலை. வரலாற்று மாணவன் இரண்டையும் ஒருங்கே காணும் கண் பெறல் வேண்டும்.

முடிவுரை

இக்காலத்தே இயற்கைச் சாயங்களில் மீண்டும் ஆர்வம் பிறந்திருக்கிறது. மாதுளந்தோடும் மஞ்சளும் கடுக்காயும் அவுரியும் கொண்டு துணிக்கும் தாளுக்கும் வீட்டிலேயே நிறமூட்டுவோர் பல நாடுகளில் உளர். இது வரவேற்கத்தக்கதே. எமது கல்லூரி மாணவரும் இதனைச் செய்து பார்க்கலாம். இரசாயனப் பாடமும் தாவரவியற் பாடமும் சரித்திரப் பாடமும் ஒரே பாத்திரத்தில் வேகக் காண்பர். ஆனால் சாயவேரை மட்டும் கண்டபடி கிண்டுதல் ஆகாது. முதிர்ந்த வேர் பெற ஈராண்டு செல்லும். வேரைப் பிடுங்கினால் பூண்டே அழியும். விதை சேர்த்துப் பாத்தியில் வளர்த்து எடுத்தலே தக்கது.

பழம்பெருமை பேசுதல் எமக்கு எளிது. சோழமண்டலத்துச் செந்துணியை ஐரோப்பியர் எவ்வளவு விரும்பினர் எனில், அதன் வரவுக்கு அஞ்சிப் பிரான்ஸ் 1686இலும் இங்கிலாந்து 1700இலும் 1721இலும் தடைச்சட்டங்கள் இயற்றின என்று நாம் மார்தட்டலாம். தட்டுக. ஆயின் அச்செந்நிறம் தொடங்கிய இடம் அரசிளங்குமரியின் ஆடையன்று. பெயரறியா ஒருவன் மணலிற் குனிந்த இடமே. எமது ஆய்வுகூடத்தில் சாயமிட்ட அத்துண்டை வகுப்பறைச் சுவரில் கண்ணாடியிட்டு மாட்டியுள்ளோம். அதன் கீழ் பூண்டின் பெயரும் ஆண்டும் எழுதப்பட்டுள்ளன. அவ்வினாவை எழுப்பிய மாணவன் மூன்றாவதாக ஒரு வரிக்கு இடம் விட்டுவைத்திருக்கிறான். வேர் குத்தியோரின் பெயர் ஒன்றேனும் ஏதேனும் ஓர் ஏட்டிற் கிடைக்குமாயின் அதை அங்கே எழுதுவதென்பது அவன் கொள்கை. எம் கல்லூரியின் பழைய மாணவருள் எவரிடமேனும் அத்தகைய பழைய தோம்போ உறுதியோ குடும்பக் குறிப்போ இருப்பின், அவ்வரியை நிரப்ப உதவுமாறு வேண்டி இக்கட்டுரையை முடிக்கின்றேன்.