அஜந்தாவுக்குப் பூசிய வார்னிஷ்

வாட்டர்கலர் படத்தைக் கண்ணாடி போடாமல் மாட்டுவது இப்போது பரவலாகி வருகிறது. படத்தை அட்டையில் ஒட்டி, மேலே வார்னிஷ் அடித்துவிட்டால் முடிந்தது, கண்ணாடிச் செலவு மிச்சம். மகாராஷ்டிராவில் இருக்கும் நம்மவர்கள் அதற்கு முன் ஒருமுறை அஜந்தாவைப் பார்த்துவிடுங்கள்.

அங்கே இருப்பவை ஈரச் சுண்ணாம்பில் வரைந்தவை அல்ல. காய்ந்த மண்பூச்சின் மேல் பசை கலந்த வண்ணம். ஈரம் ஆகவே ஆகாது. 1872 முதல் 1885 வரை ஜான் கிரிஃபித்ஸும் பம்பாய் ஓவியப்பள்ளி மாணவர்களும் பிரதி எடுத்தபோது, கோடுகள் தெளிவாகத் தெரியட்டும் என்று வார்னிஷ் பூசினார்கள். (நகல் எடுக்க அசலை நனைப்பது... வங்கிக்காரனான எனக்கு இது ஜீரணமாகவில்லை!)

அப்போது குகைகள் நிஜாம் ஆட்சிப் பகுதியில் இருந்தன. 1920-22ல் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து செக்கோனி, ஓர்சினி என்ற இருவரை வரவழைத்தது. பெயர்ந்து தொங்கிய பூச்சைச் சுவரோடு ஒட்டவைத்தது அவர்கள்தான். அதை மறுக்க முடியாது. ஆனால் பாதுகாப்புக்கென்று மேலே ஷெல்லாக் பூசினார்கள். அதாவது நம் அரக்கு, சாராயத்தில் கரைத்தது. முதலில் பளபளத்தது. வருடங்கள் போகப்போக மஞ்சளாகி, பழுப்பாகி, சுருங்கி, அடியிலிருந்த வண்ணத்தையும் சேர்த்து இழுத்தது.

அதைச் சுரண்டாமல், கரைப்பான் தொட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தெடுக்க தொல்லியல் துறைக்குப் பல பத்தாண்டுகள் ஆகின.

இன்றைய அக்ரிலிக் வார்னிஷ் அந்த அளவுக்கு மஞ்சளாகாது, உண்மை. ஆனால் காகிதத்தில் ஊறிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. கண்ணாடியைக் கழற்ற நாலு ஆணி பிடுங்கினால் போதும்.