கித்துல்கலையில் இல்லாத பாலமும் எழுதப்படாத பெயர்களும்

கொழும்பிலிருந்து அவிசாவளை, எட்டியாந்தோட்டை வழியாக அட்டனுக்குச் செல்லும் பாதையில் ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது கித்துல்கல. கேகாலை மாவட்டத்தின் மலையடிவாரச் சிற்றூர். களனி கங்கை பாறைகளில் மோதி நுரைத்து ஓடும் அவ்விடத்துக்கு வெளிநாட்டுப் பயணிகள் இரண்டு காரணங்களுக்காக வருகின்றனர். ஒன்று, ஆற்றுப் பெருக்கில் காற்றடைத்த றப்பர்த் தோணியில் செல்வது. மற்றொன்று, இப்போது அங்கே இல்லாத ஒரு பாலத்தைப் பார்ப்பது.

'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலத் திரைப்படத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நாவலைத் தழுவி டேவிட் லீன் இயக்கிய அப்படம் 1957இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. கதை நிகழ்வது சயாமில், படம்பிடிக்கப்பட்டது இலங்கையில். கித்துல்கலையில் களனி கங்கையின் குறுக்கே மரத்தால் ஒரு பெரிய பாலத்தைக் கட்டி, படத்தின் உச்சக்கட்டக் காட்சிக்காக 1957 மார்ச்சில் அதனை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆற்றங்கரையில் எஞ்சியிருக்கும் கொங்கிறீற் அடித்தளத்தை வழிகாட்டிகள் இன்றும் சுட்டிக்காட்டுகின்றனர்.

பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில் சுற்றுலா இணைப்பிதழ்கள் பலவற்றை நான் தொகுத்திருக்கிறேன். கித்துல்கல பற்றிய கட்டுரை இல்லாத இணைப்பிதழ் அரிது. ஆனால் அக்கட்டுரைகள் எவற்றிலும் தமிழன் என்ற சொல்லை நான் கண்டதில்லை. அந்தப் படத்துக்கும் அந்த ஊருக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பு இருமடங்கானது என்பதால்தான் இதனை எழுதுகிறேன்.

சயாம் மரண ரயில்

இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீற்றர் நீளமான ரயில்பாதை ஒன்றை அமைத்தார்கள். 1942இல் தொடங்கிய வேலை 1943 ஒக்டோபரில் முடிந்தது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் ஈடுபடுத்தப்பட்டனர். ஏறத்தாழ 12,000 பேர் மாண்டனர். உலகம் அறிந்த கதை இதுவே.

அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக, இரண்டு இலட்சம் அளவில், ஆசியத் தொழிலாளர் அங்கு கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர் பெருந்தொகையினர். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் இறந்த ஆசியத் தொழிலாளரின் எண்ணிக்கை 80,000 முதல் 1,00,000 வரை என மதிப்பிடப்படுகிறது. மலேசியத் தமிழர் அதனைச் 'சயாம் மரண ரயில்' என்றே வழங்குகின்றனர். அப்பெயரிலேயே ஆர். சண்முகம் ஒரு நாவலும் எழுதினார். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. அங்கே தமிழருக்கென ஒரு நடுகல் எழுப்பப்பட்டது 2023 மே மாதத்தில்தான். எண்பது ஆண்டுகள் கழித்து.

திரைப்படத்தில் பாலம் கட்டுவோர் ஆங்கிலேயக் கைதிகள். மலாயாத் தமிழ்த் தொழிலாளிக்கு அதில் இடமில்லை. அப்படத்தை எடுத்த பள்ளத்தாக்கைச் சூழ்ந்திருந்தவையோ தேயிலை, றப்பர்த் தோட்டங்கள். அத்தோட்ட லயங்களில் வாழ்ந்தவர்கள், சயாமில் மாண்டவர்களின் இரத்த உறவினராகவே இருந்திருக்கக்கூடும். தமிழகத்தின் ஒரே ஊரிலிருந்து அண்ணன் கண்டிச் சீமைக்கும் தம்பி பினாங்குக்கும் கப்பலேறிய காலம் அது.

பார்க்கவேண்டிய இடங்கள்

சப்ரகமுவ மாகாணம் காட்சிகளுக்குக் குறைவில்லாத நிலம். கித்துல்கலைக்கு அருகே பெலிலென குகை. இரத்தினபுரி மாவட்டத்தில் குருவிட்டவை அடுத்து பட்டதொம்பலென குகை. சிறு கல்லாயுதங்களைச் செதுக்கிய ஆதிமனிதரின் எச்சங்கள் இவ்விரண்டிலும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பின்னதன் பழமை முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. குருவிட்டவுக்கு அருகிலேயே அரசிலை வடிவில் விழும் போபத் எல்ல நீர்வீழ்ச்சி. இரத்தினபுரியில் மகா சமன் தேவாலயம். அங்கிருந்து பலாபத்தல வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஏறும் பழைய பாதை.

இம்மலைக்கு வந்த யாத்திரிகருள் உலகப் புகழ்பெற்ற ஒருவர் 1344இல் வந்த இபின் பதூதா. புத்தளம் பகுதியில் அவரை வரவேற்று, மலையேறுவதற்குப் பல்லக்கும் துணைக்கு யோகிகளையும் பிராமணரையும் உணவுச் சுமை தூக்குவோரையும் கொடுத்து அனுப்பியவர் ஆரியச் சக்கரவர்த்தி என்பதை அவருடைய பயண நூலே கூறுகின்றது. சப்ரகமுவவின் புகழ்பெற்ற முதற் சுற்றுலாப் பயணிக்கு ஏற்பாடு செய்துகொடுத்தவர் ஒரு தமிழ் மன்னர் என்பது வழிகாட்டி நூல்கள் சொல்லாத செய்தி.

கேகாலைப் பக்கம் வந்தால், 1975இல் தொடங்கப்பட்ட பின்னவலை யானைகள் காப்பகம். மாவனல்லையில் உத்துவன்கந்த மலை. அம்மலையில் ஒளிந்திருந்து வழிப்பறி செய்த சரதியல், 1864இல் கண்டியில் தூக்கிலிடப்பட்டான். இன்று அவன் பெயரால் சிலைகளும் குடிசைகளும் அமைந்த மாதிரிக் கிராமம் ஒன்று பயணிகளுக்காக நிற்கின்றது. நான் அதனைக் குறை கூறவில்லை. மக்கள் நினைவில் வாழ்பவனுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் அனாதை யானைக்கும் தூக்கிலிடப்பட்ட கொள்ளைக்காரனுக்கும் வரலாற்றுப் பலகை உண்டு. காட்டை வெட்டித் தோட்டமாக்கியவனுக்கு இல்லை.

பலகையில் இல்லாத வரலாறு

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத் தமிழரின் நிலை நுவரெலியாத் தமிழரின் நிலையிலிருந்து வேறுபட்டது. அங்கே தமிழர் செறிந்து வாழ்கின்றனர். வாக்குப் பலமும் உண்டு. இங்கே தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே தீவுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. அதனால் ஒவ்வொரு சோதனையும் இம்மக்களையே முதலில் தாக்கியது.

1946இல் கேகாலை மாவட்டம் உந்துகொடையில் நேவ்ஸ்மியர் தோட்டம் கிராம விஸ்தரிப்புக்கென அரசினால் சுவீகரிக்கப்பட்டது. அங்கு உழைத்த தமிழ்க் குடும்பங்களுக்கு வெளியேறும்படி கட்டளை வந்தது. அவர்கள் மறுத்தார்கள். அத்துமீறித் தங்கியதாக அவர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டது. இலங்கை இந்தியக் காங்கிரஸின் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பிறந்து வளர்ந்த லயத்தில் தங்குவதே குற்றமாகுமா என்ற கேள்வி அங்கே எழுந்தது. இரண்டே ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அக்கேள்வியை மலையகம் முழுவதற்கும் உரியதாக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவேண்டியவர்களாக எண்ணப்பட்டனர். எஞ்சிய நாடற்றவரின் சிக்கல் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

1977 ஓகஸ்டிலும் 1981 ஓகஸ்டிலும் வன்செயல் இம்மாகாணத் தோட்டங்களைத் தாக்கியது. இரண்டாவது முறை இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளில் லயங்கள் எரிக்கப்பட்டன. அவ்வாண்டுகளில் உயிர் தப்பியோருள் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் சென்று குடியேறினர். பின்னர் வன்னிப் போரிலும் அவர்கள் அகப்பட்டார்கள். 2016 மே மாத மழையில் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்கள் புதையுண்ட செய்தியை உலகம் அறியும். அதே நாள்களில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின்மீது மண் சரிந்து தமிழ்க் குடும்பங்கள் மாண்டதைக் கேகாலைக்கு வெளியே எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் அன்பர்கள் 'எங்கே போகலாம்?' என்று என்னைக் கேட்பதுண்டு. கித்துல்கலைக்குப் போங்கள் என்றே சொல்வேன். ஆற்றையும் அருவியையும் பாருங்கள். பின்னர், சாலையோரப் பெயர்ப்பலகை காட்டும் ஏதாவது ஒரு தோட்டப் பாதையில் சிறிது தூரம் நடந்து செல்லுங்கள். விடியற்காலையில் பால்வெட்டப் போய்த் திரும்பும் அம்மாமார் எதிரே வருவார்கள். மாரியம்மன் கோயில் இருக்கும். மாசியில் போனால் காமன் கூத்தும் காணக் கிடைக்கலாம். முதியவர் எவராவது இருந்தால், அவருடைய பாட்டன் எந்த ஊரிலிருந்து எந்தக் கங்காணியின் ஆளாக வந்தார் என்று கேட்டு, அவர் அனுமதியுடன் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மலேசியத் தமிழருக்கு நடுகல் வைக்க எண்பது ஆண்டுகள் ஆயின. நேரில் கண்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதற்குள் மறைந்துவிட்டனர். 1981ஐ நேரில் கண்டவர்கள் சப்ரகமுவத் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பதற்கு இதுவே காலம்.