கமெராவும் கல்லும்

1937ஆம் ஆண்டு இலண்டனில் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் முடிசூடினார். பாரிஸ் நகரத்துப் பொதுவுடைமைப் பத்திரிகையொன்று அவ்விழாவைப் படம்பிடிக்க ஆன்றி கார்த்தியே-பிரெசோன் என்னும் இளைஞரை அனுப்பிற்று. அவரோ மன்னரை விடுத்து, வீதியோரம் காத்துநின்ற பொதுமக்களையே படமாக்கினார். சரித்திர நாயகர் யாவர் என்ற வினாவுக்கு அவரது கமெரா அளித்த விடை அது.

1940இல் ஜேர்மானியரிடம் போர்க்கைதியாகி, 1943இல் மூன்றாம் முயற்சியில் தப்பியவர். 1947இல் தோழர்களுடன் 'மக்னம்' என்னும் புகைப்படக் கூட்டுறவை நிறுவியவர். அத்தகையவர் 1970களின் தொடக்கத்தில் கமெராவைப் பெரும்பாலும் ஒதுக்கி, இளமையில் ஆந்திரே லோத்திடம் பயின்ற ஓவியத்துக்கு மீண்டார். முதுமையில் அவர் ஆக்கிய கல்லச்சுப் படங்களில் ஆடையற்ற மனித உருவமும் இடம்பெற்றது.

மக்களைப் படம்பிடித்தவர் மக்களைத் துறந்தாரா? இல்லை என்பதே நம் துணிபு. கல்லச்சின் தொழின்முறையை நோக்குவோம். சுண்ணாம்புக் கல்லின்மீது கொழுப்புக் கலந்த கோலால் வரைவர். கல்லை நீரால் நனைத்து மையுருட்டினால், ஈரம் மையை விலக்கும்; கொழுப்பேறிய கோடு மட்டும் மையை ஏற்கும். கமெரா கணப்பொழுதிற் கவர்வதை, இங்கே கை மெல்லத் தேடியடைதல் வேண்டும்.

அவ்வாறு தேடிய உருவத்துக்கு முடியுமில்லை, பட்டாடையுமில்லை. மன்னனுக்கும் கூலியாளுக்கும் பொதுவான உடல் அது. மக்கட் கலை என்றதும் கூட்டத்தையும் கோஷத்தையும் மட்டுமே கேட்போர் இதனைச் சிந்தித்தல் நன்று. கூட்டம் என்பது தனித்தனி மனிதராலாயது. ஒருவரைப் பொறுமையுடன் உற்றுநோக்க அறியாத கலை, பலரையும் அறியமாட்டாது. 2004இல், 95 வயதில் மறைந்த அம்முதியவர் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.