மேகக் கணிமைக்கு மாறும் சுரங்கத் திட்டமிடல் மென்பொருள்

நிலத்தில் துளையிட்டு எடுத்த பாறைத் துண்டுகளின் பகுப்பாய்விலிருந்து தாதுப் படிவை முப்பரிமாணத்தில் வரைந்து, எதை எப்போது தோண்டுவது என்று கணிப்பவை சுரங்கத் திட்டமிடல் மென்பொருள்கள். இவற்றின் கணித வேர் தென்னாப்பிரிக்காவில் உள்ளது. விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் தங்கம் செறிந்த பாறைப் பாளங்களின் தரம் மிகையாகவும், வறிய பாளங்களின் தரம் குறைவாகவும் மதிப்பிடப்பட்டு வந்ததை டேனி கிரீகே 1951-இல் விளக்கினார். பிரான்சின் ஜார்ஜ் மத்தரோன் 1960களில் இப்பிழையைத் திருத்தும் மதிப்பீட்டு முறையைக் கோட்பாடாக வளர்த்து, அதற்குக் கிரீகேயின் பெயரால் ‘கிரீகிங்’ என்றே பெயரிட்டார். திறந்தவெளிச் சுரங்கத்துக்கு அதிக லாபம் தரும் எல்லையைக் கண்டறியும் முறையை லெர்க்ஸும் கிராஸ்மனும் 1965-இல் வெளியிட்டனர். 1980களில் விட்டில், வல்கன், சர்பேக், டேட்டாமைன் போன்ற மென்பொருள்கள் வந்தபின் இக்கணக்குகள் சுரங்க அலுவலகத்தின் மேசைக்கே இறங்கின.

இப்போது இம்மென்பொருள்கள் இணையவழித் தொலைக் கணினிகளில் இயங்கும் மேகக் கணிமைக்கு மாறி வருகின்றன. இதன் பயனாக வேகமே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அது ஓரளவுக்கே உண்மை. 2 கி.மீ. நீளமும் அகலமும் 500 மீட்டர் ஆழமும் உள்ள பகுதியை 10×10×5 மீட்டர் பாளங்களாகப் பிரித்தால் 40 லட்சம் பாளங்கள் வரும். ஒருமுறை மதிப்பிட நல்ல மேசைக் கணினி போதும். தரத்தின் ஐயப்பாட்டை அளக்க அதே படிவை 100 விதமாகப் போலச்செய்தால்தான் 40 கோடி மதிப்புகள் சேரும். ஒன்றையொன்று சாராத அந்த 100 ஓட்டங்களைப் பல கணினிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். ஆனால் அன்றாட வேலையைக் கெடுப்பது வேகக் குறைவன்று, பிரதிகளின் பெருக்கமே. நிலவியலாளர் புதிய துளைகளின் தரவைச் சேர்த்துப் படிவின் முப்பரிமாண மாதிரியைத் திருத்திய பிறகும், திட்டமிடுபவர் பழைய கோப்பை வைத்தே வெடிப்புக்கு எல்லை குறிக்கிறார். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவோடு ஒரே மாதிரியை எல்லோரும் திறக்கச் செய்வதே இம்மாற்றத்தின் மெய்யான பயன். 1997-இல் கனடா நிறுவனமான பிரி-எக்ஸின் தங்க மோசடி வெளிப்பட்டபின், கனடா 2001-இல் கனிம அறிக்கைகளுக்குத் தகுதி பெற்ற ஒருவரைப் பொறுப்பாக்கியது. அப்பொறுப்புக்கும் இத்தகைய பதிவே துணை.

தொலைவிலுள்ள சுரங்கங்களில் இணையம் தடைபடும் என்பது இம்மாற்றத்துக்கு எதிரான முதல் மறுப்பு. அன்றைய வேலைக்கு வேண்டிய பகுதியைச் சுரங்கத் தளத்தில் பிரதியெடுத்து, இணைப்பு வந்ததும் ஒத்திசைத்தால் வேலை நிற்காது. துளைத் தரவு கசிந்தால் பங்கு விலையே ஆடும் என்பது அடுத்தது. இந்த அச்சம் நியாயமானதே. ஆனால் மின்னஞ்சலிலும் பென் டிரைவிலும் சுற்றும் கோப்புகளைவிட, அனுமதி வரையறுத்த சேமிப்பகம் பாதுகாப்பானது. இன்று மென்பொருள் தயாரிப்பாளர்கள் பலர் மேகச் சேவையும் தருகின்றனர்.