முதிர்ந்த ஆண் கடமானின் நடத்தை

கடமான் (ரூசா யூனிகலர்) தெற்காசிய, தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் பெரிய மான் இனமாகும். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் இது மிளா எனவும் அழைக்கப்படுகிறது. தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டிய மேகமலை, வருசநாட்டு மலைக் காடுகளில் இது காணப்படுகிறது. முதிர்ந்த ஆண்மான் தனித்தும் இருளிலும் நடமாடுவதால் எளிதில் கண்ணில் படுவதில்லை. ஆயினும் அது விட்டுச்செல்லும் அடையாளங்கள் அதன் இருப்பைக் காட்டிக்கொடுக்கின்றன. முன்பு வேட்டைக்காரர்கள் தேடிய இவ்வடையாளங்கள் இன்று வனத்துறையினருக்கும் ஆய்வாளர்களுக்கும் பயன்படுகின்றன.

உடலமைப்பும் கொம்பும்

ஆண்மானின் தோள் உயரம் ஏறத்தாழ 1.5 மீட்டரை எட்டக்கூடும். எடை 200 கிலோகிராமைத் தாண்டுவதுண்டு. கொம்பு ஆணுக்கு மட்டுமே உண்டு. முதிர்ந்த மானின் ஒவ்வொரு கொம்பிலும் பொதுவாக மூன்று முனைகள் இருக்கும். ஆகவே முனைகளை எண்ணி வயதைக் கணிக்க இயலாது. மாட்டின் கொம்பைப் போலன்றி இது உதிர்ந்து மீண்டும் முளைக்கும். புதுக்கொம்பு மென்மயிர்த் தோலால் மூடப்பட்டு வளரும். வளர்ச்சி முடிந்ததும் மான் மரங்களில் உரசி அத்தோலை நீக்கும்.

அன்றாட நடத்தை

கடமான் பகலில் அடர்ந்த நிழலில் படுத்திருந்து, அந்தி முதல் விடியல் வரை புல், இலை, உதிர்ந்த கனி ஆகியவற்றை மேயும். பெண்மான்கள் கன்றுகளுடன் சிறு கூட்டங்களாக வாழ்கின்றன. முதிர்ந்த ஆண் ஆண்டின் பெரும்பகுதியில் தனித்திருக்கும். ஆபத்தை உணர்ந்தால் வாலை உயர்த்தி, முன்காலால் தரையைத் தட்டி, உரத்துக் குரலெழுப்பும். இக்குரல் தொடர்ந்து கேட்டால் அருகில் புலியோ சிறுத்தையோ இருக்கலாம் எனக் காட்டை அறிந்தோர் கருதுவர்.

செந்நாய்கள் துரத்தும்போது கடமான் நீரில் இறங்கி நின்று எதிர்ப்பதுண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் நுவரெலியாவில் வேட்டைநாய்களுடன் கடமான்களைத் துரத்திய சாமுவேல் பேக்கரும் இதைப் பதிவு செய்துள்ளார்.

இனச்சேர்க்கைக் காலம்

இனச்சேர்க்கை ஆண்டு முழுவதும் நிகழக்கூடும் எனினும், செப்டம்பர் முதல் சனவரி வரை மிகுதியாகும். அப்போது ஆண்மான் சேற்றில் புரளும். கொம்பால் நிலத்தைக் கிளறும். பின்னங்கால்களில் எழுந்து நின்று, கண்ணருகே உள்ள சுரப்பியின் மணத்தை மேற்கிளைகளில் தேய்க்கும். சேற்றுக்குழிகளும் பட்டை உரிந்த மரங்களும் இதன் தடயங்களாகும். போட்டியிடும் ஆண்கள் கொம்புகளைப் பிணைத்து மோதுகின்றன. பெண்மான் ஏறத்தாழ எட்டு மாதங்கள் கருவைச் சுமந்து, பொதுவாக ஒரு கன்றை ஈனும்.

வேட்டையும் பாதுகாப்பும்

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் பெரிய கொம்புகள் வேட்டைச் சின்னங்களாக மதிக்கப்பட்டன. நீலகிரியில் 1879ஆம் ஆண்டிலேயே வேட்டையைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் கடமானை வேட்டையாடுவது குற்றமாகும். 2008ஆம் ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியது.

பெரிய கொம்புக்காக நடைபெறும் கள்ள வேட்டையில், இனப்பெருக்கத்தில் முன்னிற்கும் ஆண்களே முதலில் வீழ்கின்றன. கடமான் புலியின் முதன்மை இரைகளில் ஒன்று. எனவே, 2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் புலிகள் நிலைத்திருப்பதும் கடமான்களின் எண்ணிக்கையைச் சார்ந்துள்ளது.